கூகுள் எர்த் எஞ்சின்: முனைவர் பட்ட ஆய்வைத் தாங்குமா?

துறையில் சர்வர் கிடையாது, கையில் இருப்பது 16 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி மட்டும்தான் என்ற நிலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வு செய்ய வருபவருக்கு, கூகுளின் கணினிகளிலேயே அந்தப் படங்களை அலசித் தரும் இணைய மேடையான கூகுள் எர்த் எஞ்சினைவிட நல்ல வழி இன்றைக்கு இல்லை. ஆனால் ஒரு சிக்கல். இது எதைக் கேட்டாலும் ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிடும். கேள்வியே தப்பாக இருந்தாலும் பிழை என்று சொல்லாது; பளிச்சென்று ஒரு வரைபடம் போட்டுத் தரும். வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், பலர் மாட்டிக்கொள்வது அந்த வரைபடத்தில்தான். எனவே இதன் வசதிகளைவிட, இது சத்தமில்லாமல் செய்கிற வேலைகளைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

எதற்காக இது வேண்டும் என்பதற்குக் காவிரி டெல்டாவின் நெல் பரப்பை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் சதுரக் கட்டங்களாக வெட்டித் தரப்படுகின்றன; ஒரு கட்டம் 110 கி.மீ. நீளம், 110 கி.மீ. அகலம். இரண்டு செயற்கைக்கோள்கள் சுற்றுவதால் 5 நாளுக்கு ஒரு படம், ஆண்டுக்கு 73. வளிமண்டலத் திருத்தம் செய்த படம் ஒன்று ஏறக்குறைய 800 எம்பியில் இருந்து 1 ஜிபி வரை. நான்கு கட்டம், ஐந்து ஆண்டு என்று கணக்குப் போட்டால் பதிவிறக்கம் மட்டுமே ஒரு டெராபைட்டைத் தாண்டிவிடும். விடுதி வைஃபையில் அதை இறக்கி முடிப்பதற்குள் அடுத்த போகம் வந்துவிடும். எர்த் எஞ்சினில் படங்கள் கூகுளின் கணினிகளிலேயே இருக்கின்றன. நாம் அனுப்புவது பத்து இருபது வரிக் கட்டளை, திரும்பி வருவது விடை மட்டும். 2008-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் தன் நாட்டின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை இலவசமாக்கியதும், அதுவரை ஒரு படத்துக்கு 600 டாலர் வரை கொடுத்துக்கொண்டிருந்த ஆய்வுலகம் தலைகீழாக மாறியது. 2010-இல் வந்த எர்த் எஞ்சின் அந்த இலவசப் படங்களைப் பயன்படுத்தும் கணினியையும் சேர்த்துக் கொடுத்தது.

கணக்கு தொடங்குவது முன்பு போல ஒரு மின்னஞ்சலோடு முடிவதில்லை. கூகுள் கிளவுடில் ஒரு புராஜெக்ட் உருவாக்கி, அதில் எர்த் எஞ்சின் ஏபிஐ-யை (நிரல்கள் எர்த் எஞ்சினோடு பேசும் வாசல்) இயக்கி, வணிக நோக்கம் இல்லை என்று பதிவு செய்ய வேண்டும். கல்வி, ஆய்வு என்றால் கட்டணம் இல்லை. பதிவுக்குக் கடன் அட்டையும் தேவையில்லை. கேள்விப் பட்டியலை அவசரமாக நிரப்பாதீர்கள். பேராசிரியர் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனைத் திட்டம் நடத்துகிறார், அதில் நீங்களும் இருக்கிறீர்கள் என்றால், அந்த வேலையை ஆய்வுக் கணக்கில் ஓட்டுவது விதிமீறல். 2022-இல் வணிகப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணத் திட்டம் வந்த பிறகு இந்தக் கோடு தெளிவாகவே போடப்பட்டிருக்கிறது. அந்த வேலைக்குத் தனி புராஜெக்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உள்ளே போவோம். முதல் கண்ணிவெடி சென்டினல்-2 தொகுப்பின் பெயரிலேயே இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை தன் செயலாக்க முறையை மாற்றி, ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000-ஐக் கூட்டித் தர ஆரம்பித்தது. இருண்ட பரப்புகளில் திருத்தத்துக்குப் பிறகு எதிர்மறை எண் வந்தால் அதை இழக்காமல் வைத்திருக்கத்தான் இந்த ஏற்பாடு. நியாயமான மாற்றம்தான். ஆனால் கழிக்க மறந்தால் என்ன ஆகும் பாருங்கள். பயிரின் பசுமையைக் காட்டும் என்டிவிஐ என்ற குறியீடு, அண்மை அகச்சிவப்பு, சிவப்பு ஆகிய இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது. நல்ல பசுமையான வயலில் அண்மை அகச்சிவப்பு 4000, சிவப்பு 500 என்றால் என்டிவிஐ 0.78. அதே வயல், அதே பயிர், 2022 பிப்ரவரியில் 5000, 1500 என்று வரும். கணக்கு 0.54. வயலில் ஒன்றும் நடக்கவில்லை. வரைபடத்தில் மட்டும் வறட்சி வந்துவிட்டது. எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்று முடியும் தொகுப்பு இந்த 1000-ஐக் கழித்தே தருகிறது. அந்தச் சொல் இல்லாத பழைய தொகுப்பைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீனியர் கொடுத்த கோடு (நிரல்) என்றால் முதலில் அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள்.

மேகத்தை நீக்கும் வரியும் அப்படித்தான். பழைய பயிற்சிக் குறிப்புகள் எல்லாம் கியூஏ60 என்ற பேண்டைத்தான் (படத்தோடு வரும் மேகக் குறிப்பு அடுக்கு) காட்டும். 2022 ஜனவரி முதல் 2024 பிப்ரவரி வரை அந்த பேண்ட் வராமல் போன காலம் உண்டு. அதை நம்பி எழுதிய கட்டளை அந்த இரண்டு ஆண்டுப் படங்களில் என்ன செய்கிறது என்பதைச் சோதிக்காமல் விடக்கூடாது. மேகத்தை வடிகட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது படத்தையே காலி செய்திருக்கலாம். இப்போது 'கிளவுட் ஸ்கோர் பிளஸ்' என்ற தனித் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 1 வரை ஒரு தெளிவு மதிப்பெண். 0.60-இல் தொடங்கி, உங்கள் பகுதியின் ஐந்தாறு படங்களைக் கண்ணால் பார்த்து ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம். கடற்கரை மணல், உப்பளம், புதிய தகரக் கூரை ஆகியவை எந்த மேக வடிகட்டியையும் ஏமாற்றக்கூடியவை. வேதாரண்யம் உப்பளத்தைச் சோதனை இடமாக வைத்துக்கொண்டால் வடிகட்டியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

எந்த வடிகட்டி இருந்தாலும் வடகிழக்குப் பருவமழை மேகத்திடம் அது பலிக்காது. சம்பா வளர்கிற அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் டெல்டாவுக்கு மேல் வானம் மூடிக்கிடக்கும். அங்கே ரேடார்தான் கைகொடுக்கும். சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவும், இரவிலும் பார்க்கும். எர்த் எஞ்சினில் இருக்கும் சென்டினல்-1 படங்களுக்கு வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம், நிலப்பரப்புத் திருத்தம் எல்லாம் செய்தே கிடைக்கின்றன. ஸ்நாப் மென்பொருளில் இதே வேலையை மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வரிசையாகச் சில வேலைகள் நம் பொறுப்பில் இருக்கின்றன. ஐடபிள்யூ முறைப் (நிலப்பரப்புக்கு வழக்கமாகப் பயன்படும் படமெடுப்பு முறை) படங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே போகும் ஏறுமுகப் பாதை, வடக்கிலிருந்து தெற்கே வரும் இறங்குமுகப் பாதை இரண்டையும் ஒரே வரிசையில் கலக்கக்கூடாது. ரேடார் பார்க்கும் கோணம் மாறினாலே பின்சிதறல் (நிலத்தில் பட்டுத் திரும்பி வரும் அலையின் அளவு) மாறும், வயலில் மாற்றம் நடந்தது போலத் தெரியும். அதோடு நிற்காமல் சார்பு வட்டப்பாதை எண்ணையும் (செயற்கைக்கோள் திரும்பத் திரும்ப வரும் தடத்தின் எண்) ஒன்றாக நிறுத்துவது நல்லது. அடுத்தது சராசரி. தொகுப்பில் மதிப்புகள் டெசிபெல் என்ற மடக்கை அலகில் இருக்கின்றன. −10-க்கும் −20-க்கும் நேரடியாகச் சராசரி எடுத்தால் −15. நேர்கோட்டு அலகுக்கு மாற்றி எடுத்தால் 0.1-உம் 0.01-உம் சேர்ந்து 0.055, அதாவது −12.6. இரண்டுக்கும் இடையே 2.4 டெசிபெல். நெல்லுக்கும் புல்லுக்கும் உள்ள வித்தியாசமே சில இடங்களில் அவ்வளவுதான். டெசிபெல்லுக்கு மாற்றாத 'ஃப்ளோட்' தொகுப்பும் அங்கேயே இருக்கிறது. சராசரி எடுப்பவர்கள் அதிலிருந்து தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நெல்லைப் பிடிக்கும் முறை எளிமையானது. நாற்று நடும்போது வயலில் தண்ணீர் நிற்கும். ரேடார் அலை கண்ணாடியில் பட்டது போல எதிர்ப்பக்கம் தெறித்துப்போகும். விஎச் மதிப்பு (செங்குத்தாக அனுப்பிக் கிடைமட்டமாக வாங்கும் ரேடார் அலையின் அளவு) −20 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கும். பயிர் தூர்கட்டி வளர வளர மதிப்பு ஏறும். இந்தப் பள்ளமும் ஏற்றமும்தான் நெல்லின் கையெழுத்து. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படங்களைக் கொண்டு நெல் பரப்பை மதிப்பிடுவதன் அடிப்படையும் இந்தக் கால வரிசைதான். இங்கே புத்தகத்தில் இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில் சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்பவர்கள் ஏராளம். புழுதியில் விதைக்கிறார்கள், நடவுத் தண்ணீர் கிடையாது, அதனால் பள்ளமும் கிடையாது. வேறு நாட்டில் நடவு நெல்லுக்கு எழுதிய வரம்பை அப்படியே ஓட்டினால் கடைமடை முழுக்கத் தரிசு என்று வரும். பிறகு நவம்பர் மழையில் வயல் மூழ்கும்போது பள்ளம் காட்டும், அதை நடவு என்று எடுத்துக்கொண்டு விதைப்புத் தேதியை இரண்டு மாதம் தள்ளிப்போடும். களத்தில் போய் எந்த வயல் நடவு, எந்த வயல் விதைப்பு என்று குறித்துவராமல் இதைத் தீர்க்க எந்த மென்பொருளாலும் முடியாது. இன்னொன்று: சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றது, 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில்தான். ஆய்வேட்டில் '6 நாளுக்கு ஒரு படம்' என்று எழுதும் முன் உங்கள் பகுதியின் படத் தேதிகளை அச்சிட்டுப் பாருங்கள்.

இப்போது ஸ்கேல், அதாவது எத்தனை மீட்டர் பிக்சலில் கணக்கிடுவது என்பது. எர்த் எஞ்சினில் அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்லலாம். கோடு எடிட்டரின் (உலாவியில் நிரல் எழுதும் பக்கம்) வரைபடத்தில் தெரிவது அந்த ஜூம் அளவுக்கான கணக்கு மட்டும். வெளியே ஜூம் செய்தால் படத்தின் கரடுமுரடான பதிப்பை எடுத்து அதில் கணக்கிடுகிறது. அதனால் திரையில் பார்த்ததும் ஏற்றுமதியில் (கோப்பாக வெளியே எடுப்பதில்) வந்ததும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். குழம்ப வேண்டாம், ஏற்றுமதியை நம்புங்கள். பல படங்களின் மீடியன் (நடு மதிப்பு) எடுத்து ஒரே படமாக்கியதும் அதன் இயல்பான பிக்சல் அளவு 10 மீட்டர் இல்லை, ஒரு டிகிரி! அதாவது ஏறக்குறைய 111 கி.மீ. ஒரு பகுதியின் பிக்சல்களைச் சுருக்கி ஓர் எண்ணாகத் தரும் ரிட்யூஸ்ரீஜன் கட்டளையில் ஸ்கேல் தராமல் விட்டால் ஒரு வட்டாரத்தின் சராசரி என்று வருவது எங்கோ ஒரு பிக்சலின் மதிப்பாக இருக்கும். 'பெஸ்ட் எஃபர்ட்' என்ற விருப்பம் இன்னும் மோசம்: பிக்சல் அதிகம் என்று பட்டால் நாம் கேட்ட 10 மீட்டரைத் தானாகவே பெரிதாக்கிக்கொண்டு விடை தரும். பிழை வந்தால் வரட்டும் என்று அதை அணைத்து வைத்திருப்பதுதான் ஆய்வுக்கு நல்லது.

பரப்பளவிலும் இதே கதை. டிகிரி அடிப்படையிலான ஆயத்தில் (இடத்தைக் குறிக்கும் அளவு முறை) 10 மீட்டர் என்று கேட்டால், அது நிலநடுக்கோட்டில்தான் 10 மீட்டர். தஞ்சாவூர் இருக்கும் 11 டிகிரி வடக்கில் கிழக்கு மேற்கு அகலம் 9.8 மீட்டர்தான். பிக்சலை எண்ணி 100 சதுர மீட்டரால் பெருக்கினால் 1 லட்சம் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,900 ஹெக்டேர் கூடுதலாக வரும். பிக்சல்ஏரியா கட்டளையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு பிக்சலின் உண்மையான பரப்பை எடுத்துக்கொள்ளும். அல்லது மீட்டர் அடிப்படையிலான யூடிஎம் 44 வடக்கு ஆயத்தில், அதன் குறியீட்டு எண்ணான இபிஎஸ்ஜி 32644 என்று குறிப்பிட்டுக் கணக்கிடலாம்.

எந்தப் பிக்சல் நெல், எது வேறு என்று பிரிக்கும் வகைப்படுத்தலுக்கு வருவோம். ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறை ஐந்து வரியில் ஓடிவிடுகிறது, துல்லியம் 97 சதவீதம் என்று வருகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் கேட்பது ஒரே கேள்வி: பயிற்சிப் புள்ளியையும் சோதனைப் புள்ளியையும் எப்படிப் பிரித்தீர்கள்? இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான கோடுகள், வரைந்த பலகோணங்களில் இருந்து பிக்சல்களை எடுத்த பிறகு 70-க்கு 30 என்று சீட்டுக் குலுக்குகின்றன. ஒரே வயலின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் ஒன்று பயிற்சிக்கும் மற்றது சோதனைக்கும் போகிறது. வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போலத்தான். பலகோணங்களுக்கே முதலில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிட்டு, அதன் பிறகு பிக்சல்களை எடுங்கள். துல்லியம் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கினாலும் கலங்க வேண்டாம், அதுதான் உண்மை எண். பரப்பளவையும் பிக்சல் எண்ணிக்கையாக மட்டும் தராமல், பிழை அணியைக் (எந்த வகை எதுவாகத் தவறாகப் பிரிந்தது என்ற அட்டவணை) கொண்டு திருத்தி நம்பக எல்லையோடு தர வேண்டும். நல்ல ஆய்விதழ்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

2025-இல் வந்த செயற்கைக்கோள் எம்பெடிங் தொகுப்பையும் (ஓராண்டுப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு சில எண்களாகச் சுருக்கித் தருவது) சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு படம், 10 மீட்டர், 64 பேண்டுகள், 2017 முதல் இருக்கிறது. மேகம், பாதை, திருத்தம் என்ற எந்தக் கவலையும் இல்லாமல் குறைந்த பயிற்சிப் புள்ளிகளில் நல்ல வரைபடம் தருகிறது. ஆனால் ஆண்டுக்கு ஒன்றுதான் என்பதால் குறுவையா சம்பாவா என்று தேதிவாரியாகப் பின்தொடர இதில் வழியில்லை. 37-ஆவது பேண்ட் எதைக் குறிக்கிறது என்று வைவாவில் கேட்டால் சொல்லவும் ஒன்றும் இல்லை. ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆய்வின் அச்சாணியாக வைத்தால் விளக்க வேண்டிய சுமை உங்கள் தலையில்.

வேலை நடுவில் நிற்கும் இடங்கள் தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சம். கோடு எடிட்டரில் நேரடியாகக் கேட்கும் கணக்கு 5 நிமிடத்தில் முடியாவிட்டால் அறுந்துவிடும். அதையே ஏற்றுமதிப் பணியாக அனுப்பினால் மணிக்கணக்கில் ஓடி முடித்துக்கொடுக்கும். நினைவகம் போதவில்லை என்று வந்தால் டைல்ஸ்கேலை (வேலையைச் சிறு துண்டுகளாக்கும் அமைப்பு) 4, 8, 16 என்று ஏற்றிப் பாருங்கள், மெதுவாகும் ஆனால் முடியும். அட்டவணையை அச்சிட்டால் 5000 வரிசைக்கு மேல் வராது. ஏற்றுமதியில் பிக்சல் வரம்பு இயல்பாக 10 கோடி. சென்டினல்-2-இன் ஒரே ஒரு கட்டமே 10,980 பெருக்கல் 10,980, அதாவது 12 கோடிக்கு மேல். முதல் ஏற்றுமதியிலேயே எல்லோருக்கும் பிழை வருவது இதனால்தான். மேக்ஸ்பிக்சல்ஸ் எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் எண் வகையையும் பாருங்கள். என்டிவிஐ-யை 10,000-ஆல் பெருக்கி 16 பிட் முழு எண்ணாக்கினால் கோப்பின் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியில் இது பெரிய விஷயம். மேலும், இலவசக் கணக்குகளுக்கும் மாதக் கணக்கீட்டு அளவுக்கு அடுக்கடுக்காக வரம்பு வைக்கும் காலம் வந்துவிட்டது. முழு டெல்டாவில் ஓட்டும் முன் ஒரு தாலுகாவில் ஓட்டிப் பார்ப்பது இனி சிக்கனமும்கூட.

இதில் முடியாதவையும் உண்டு. நிலம் தாழ்வதை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் ரேடார் குறுக்கீட்டு முறைக்குக் ரேடார் அலையின் கட்டத் தகவல் (ஃபேஸ்) உள்ள எஸ்எல்சி வகைப் படங்கள் வேண்டும். எர்த் எஞ்சினில் அவை இல்லை. அந்த ஆய்வு என்றால் ஸ்நாப் அல்லது அதுபோன்ற மென்பொருளும், உண்மையான கணினியும் வேண்டும். இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3, லிஸ்-4 படங்களைத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் இறக்கி, திருத்தி, நாமே அசெட்டாக (எர்த் எஞ்சின் கணக்கில் நாம் வைக்கும் கோப்பு) ஏற்றிக்கொள்ள வேண்டும். 5.8 மீட்டர் நுணுக்கம் தேவைப்படும் சிறு வயல், தென்னந்தோப்பு வேலைகளுக்கு அந்த உழைப்பு வீண் போகாது.

போட்டியாளர் என்று சொன்னால் ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் டேட்டா ஸ்பேஸ். உலாவியிலேயே பைத்தான் நிரல் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் ஏடு கிடைக்கிறது, சென்டினலின் மூலக் கோப்புகள் எஸ்எல்சி உட்பட அங்கேயே இருக்கின்றன. லேண்ட்சாட்டின் நீண்ட வரிசையோடு கலந்து வேலை செய்ய எர்த் எஞ்சின்தான் வசதி. மைக்ரோசாஃப்ட் பிளானட்டரி கம்ப்யூட்டர் நிரல் ஓட்டும் தன் இலவசத் தளத்தை 2024-இல் மூடியது. படங்கள் மட்டும் இன்னும் கிடைக்கின்றன. அதில் பாதி ஆய்வேட்டை ஓட்டி வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. எந்த இலவச மேடைக்கும் இது பொருந்தும்.

அதனால்தான் பிழைப்பு என்ற கோணத்தில் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் கோடு எடிட்டரோடு நின்றுவிடுவது நல்லதல்ல. பழக அது எளிது. முதல் மூன்று மாதத்துக்குப் போதும். பிறகு பைத்தான் ஏபிஐ-க்கு மாறிவிடுங்கள். தனியார் விண்வெளி நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போது எர்த் எஞ்சின் தெரியுமா என்பதோடு நிறுத்துவதில்லை. வணிகக் கட்டணம் இருப்பதால் பலவற்றுக்குச் சொந்தப் பைத்தான் ஏற்பாடு இருக்கும். எக்ஸ்அரே, ராஸ்டர்ஐஓ என்ற பைத்தான் நூலகங்கள், படங்களைத் தேட உதவும் ஸ்டாக் என்ற பட்டியல் முறை ஆகிய மூன்றிலும் கை பழகியவருக்கு அங்கே தயக்கம் இருக்காது. ஒரே வேலையை, ஒரு தாலுகா அளவுக்காவது, எர்த் எஞ்சினிலும் அந்த மூன்றைக் கொண்டும் செய்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆய்விதழ்ப் பக்கமும் காற்று மாறியிருக்கிறது. புது மாவட்டம், பழைய ரேண்டம் ஃபாரஸ்ட் என்று மட்டும் போகும் கட்டுரைகள் ஆசிரியர் மேசையிலிருந்தே திரும்பிவருகின்றன. கருவி எல்லோருக்கும் ஒன்றே என்றான பிறகு, களத் தரவுதான் ஆளுக்கு ஆள் வேறுபடும் சொத்து. நேரடி விதைப்பு வயல் எது என்று 400 புள்ளிகளில் குறித்து வைத்திருப்பவரின் கட்டுரையை எளிதில் தள்ள முடியாது.

ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் தொகுப்பின் முழு அடையாளப் பெயர், தேதி வரம்பு, பயன்படுத்திய படங்களின் எண்ணிக்கை, ஸ்கேல், ஆய முறை, வடிகட்டி வரம்பு ஆகியவற்றை எழுதுங்கள். லேண்ட்சாட் முதல் தொகுப்பு நீக்கப்பட்டு இரண்டாவது தொகுப்பு வந்தபோது பழைய ஸ்கிரிப்டுகள் ஓடாமல் போயின. இரண்டாவதில் எண்களை 0.0000275-ஆல் பெருக்கி 0.2 கழித்தால்தான் எதிரொளிப்பு வரும். ஸ்கிரிப்ட் இணைப்பை மட்டும் பின்னிணைப்பில் போட்டால் ஐந்து ஆண்டு கழித்து அது எதையும் காட்டாது, கோடை எழுத்தாகவே சேர்த்துவிடுங்கள்.

பட்டம் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம். கல்லூரி மின்னஞ்சலில் கணக்கு திறந்திருந்தால், படிப்பு முடிந்து சில மாதங்களில் அந்த மின்னஞ்சலை மூடுவார்கள். அசெட்டுகள், பயிற்சிப் புள்ளிகள், ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றுக்கும் வழி அடைபடும். புராஜெக்டில் வழிகாட்டியையும் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் உரிமையாளர்களாக முன்கூட்டியே சேர்த்துவையுங்கள். பயிற்சிப் புள்ளிகளை சிஎஸ்வி கோப்பாகவும், இறுதி வரைபடங்களை இடக்குறிப்போடு கூடிய ஜியோடிஃப் படக் கோப்பாகவும் வெளியே எடுத்து இரண்டு வன்தட்டுகளில் வைத்துக்கொள்ளுங்கள். கோடு எடிட்டரின் ஸ்கிரிப்ட் களஞ்சியத்தை கிட் கட்டளையில் அப்படியே நகலெடுக்கலாம். ஐந்து நிமிட வேலை.